மவுஸ் யார் கையில் இருக்கிறது?

நீங்கள் கேட்டிருப்பது இது: நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து, வசதி குறைந்த குடும்பங்களிலிருந்து வரும் பெரியவர்களுக்கு அடிப்படைக் கணினிப் பயிற்சியை இலவசமாகத் தர விரும்புகிறீர்கள். பழைய கணினிகள் ஆறு கிடைத்திருக்கின்றன. வரப்போகிறவர்களில் பலர் பள்ளியைப் பாதியில் விட்டவர்கள். சிலருக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். எந்தப் பாடத்திட்டத்தில் தொடங்குவது, எத்தனை நாளில் முடிப்பது, முடிவில் சான்றிதழ் தரலாமா?

பாடத்திட்டத்துக்கு வருகிறேன். அதற்கு முன்னால், நான் முதன்முதலில் எடுத்த வகுப்பில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். ஐம்பது வயதைத் தாண்டிய ஓர் அம்மா, திரையில் திறந்திருந்த பக்கத்தை மூட முயன்றுகொண்டிருந்தார். மேல் மூலையில் இருக்கும் பெருக்கல் குறிக்கு அம்பைக் கொண்டுபோவார். கிளிக் செய்யும் நேரத்தில் கை அசைந்து அம்பு நகர்ந்துவிடும். மறுபடி கொண்டுபோவார். ஐந்தாறு முறை பார்த்துவிட்டு, உதவுவதாக நினைத்து, குனிந்து அவர் கையிலிருந்து மவுஸை வாங்கி ஒரே கிளிக்கில் மூடிவிட்டேன். “சரி தம்பி, நீங்களே செஞ்சிடுங்க” என்றார். இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டார். அன்று வகுப்பு முடியும்வரை அந்தக் கைகள் மேசைக்கு வரவில்லை. அடுத்த வகுப்புக்கு அவரே வரவில்லை.

அதற்குப் பிறகு நாங்கள் நடத்திய எல்லா வகுப்புகளிலும் ஒரே ஒரு விதிதான் கண்டிப்பானது: சொல்லித்தருபவர் மவுஸையும் கீபோர்டையும் தொடக் கூடாது. புதிதாகச் சேரும் தன்னார்வலர்களைக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கச் சொல்வோம். வாயால் சொல்லலாம், விரலால் திரையைக் காட்டலாம், அவ்வளவுதான். கேட்க எளிதாக இருக்கும். செய்து பாருங்கள், முதல் வாரம் உங்களுக்குத்தான் பாடமாக இருக்கும். கையால் செய்துகாட்டும் வழி அடைபட்டதும், நம் பேச்சு எவ்வளவு மங்கலானது என்று தெரிந்துவிடும். ‘அங்க கிளிக் பண்ணுங்க’ என்றால் எங்கே? ‘அதை ஓபன் பண்ணுங்க’ என்றால் எதை? நாளாக ஆக, ‘கீழே இடது ஓரத்தில் மஞ்சள் நிறத்தில் ஒரு பெட்டி தெரியுதா? அம்பை அதன் மேல் நிறுத்துங்க. கையை எடுங்க. இப்போ இடது பொத்தானை ஒரு தடவை மட்டும் அழுத்துங்க’ என்று பேசப் பழகிவிடுவீர்கள். நல்ல ஆசிரியர் உருவாவது இந்தப் பழக்கத்தில்தான் என்பது என் எண்ணம்.

வருபவர்களைப் பற்றியும் ஒன்று. இவர்களை ஒன்றும் தெரியாதவர்களாக நினைத்துக்கொண்டு வகுப்புக்குள் போகாதீர்கள். ஒரு குடும்பத்தின் வரவு செலவை மனக்கணக்கிலேயே ஓட்டுபவரும், தையல் மெஷினைப் பிரித்து மறுபடி பூட்டுபவரும் உங்கள் எதிரில் உட்கார்ந்திருப்பார்கள். கணினி மட்டும் அவர்கள் வாழ்க்கையில் எப்போதும் மேசைக்கு அந்தப் பக்கமே இருந்திருக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டு யாரோ ஒருவர் ‘உங்க பேர் லிஸ்ட்ல இல்லை’, ‘சர்வர் வேலை செய்யல, நாளைக்கு வாங்க’ என்று சொல்லியிருக்கிறார். அந்தப் பெட்டிக்கு எதிரே உட்காரும் நாற்காலியில் இப்போதுதான் முதல் தடவை அமர்கிறார்கள். ‘நான் தொட்டா கெட்டுப்போயிடுமா?’ என்று கேட்பவருக்கு மின்சாரத்தைப் பற்றியோ மென்பொருளைப் பற்றியோ சந்தேகம் இல்லை. இங்கே உட்கார எனக்கு அனுமதி உண்டா என்றுதான் கேட்கிறார்.

அதனால் முதல் நாள் பாடம், தப்பாகச் செய்வது. கீபோர்டில் கை போன போக்கில் ஒரு பக்கம் நிறைய அடிக்கச் சொல்லுங்கள். எல்லாவற்றையும் அழிக்கச் சொல்லுங்கள். அப்புறம் கன்ட்ரோல் விசையோடு இசட் விசையை அழுத்தச் சொல்லுங்கள். அழிந்தது எல்லாம் திரும்பி வரும்போது அறையில் ஒரு சத்தம் எழும், கவனியுங்கள். ‘திரும்ப வாங்கிக்கலாம்’ என்ற நம்பிக்கை வந்துவிட்டால் பாதிப் பயம் போய்விடும். அடுத்து, கணினியை முறையாக அணைத்து மறுபடி போடுவது. ஏதாவது மாட்டிக்கொண்டால் செய்ய வேண்டியது என்று இந்த இரண்டையும் முதல் நாளே கொடுத்துவிடுங்கள். கணினியின் பாகங்கள், உள்ளீடு, வெளியீடு, நினைவகம் என்று பலகையில் படம் வரைந்து ஆரம்பிக்கும் வழக்கம் இன்னும் பல இடங்களில் இருக்கிறது. அதைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். யாருக்கும் அது உதவி நான் பார்த்ததில்லை.

ஜான் கேரல் என்ற ஆய்வாளர் 1980-களில் ஐபிஎம் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் செய்த வேலை இங்கே பயன்படும். அலுவலக ஊழியர்கள் எழுத்துச் செயலியைக் கற்றுக்கொள்வதை அவரும் அவருடன் இருந்தவர்களும் கவனித்தார்கள். தடித்த கையேட்டை வரிசையாகப் படித்துப் பின்பற்றுபவர்கள் குறைவு. எல்லோரும் நேராக வேலையில் இறங்கிவிடுகிறார்கள், ஆரம்பத்திலேயே ஒரு சின்னத் தவறு செய்கிறார்கள், அதிலிருந்து வெளியே வரத் தெரியாமல் நீண்ட நேரம் சிக்கிக்கொள்கிறார்கள். எனவே, புதியவர்களைத் தடம் மாற்றும் கட்டளைகளை மட்டும் பூட்டிவைத்த ஒரு பதிப்பைத் தயாரித்துக் கொடுத்தார்கள். சைக்கிள் பழகும் குழந்தைக்குப் பின்சக்கரத்தின் இரு பக்கமும் குட்டிச் சக்கரம் மாட்டுவோமே, அந்த மாதிரி. அதில் கற்றவர்கள் சீக்கிரம் தேறினார்கள், தவறுகளில் வீணான நேரமும் குறைந்தது.

நீங்கள் இதைச் செய்ய மென்பொருள் எழுத வேண்டியதில்லை. வகுப்புக்கு முன் ஆறு கணினிகளிலும் டெஸ்க்டாப்பைத் துடைத்துவிடுங்கள். அன்றைய பாடத்துக்கு வேண்டிய மூன்று நாலு ஐகான்கள் (கிளிக் செய்யும் சின்னப் படங்கள்) மட்டும் இருக்கட்டும். ஆறிலும் அவை ஒரே இடத்தில், ஒரே வரிசையில் இருக்க வேண்டும். தானாக எழும் அறிவிப்புகளை நிறுத்துங்கள். ‘அப்டேட் செய்யவா?’ என்று திடீரென்று எழும் ஒரு பெட்டி, பதினைந்து நிமிடப் பொறுமையை ஒரே நொடியில் குலைத்துவிடும்.

பழைய கணினிகள் என்கிறீர்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-உடன் நிறுத்திவிட்டது. உங்கள் கணினிகள் புதிய விண்டோஸைத் தாங்காது என்றால் லினக்ஸ் மின்ட் போன்ற இலவச இயங்குதளத்தில், எக்ஸ்எஃப்சிஇ என்ற எடை குறைந்த முகப்போடு கூடிய பதிப்பைப் போடுங்கள். பழைய ஹார்ட் டிஸ்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி என்ற வேகமான சேமிப்பகத்தை மாட்டினால் வேகம் நன்றாகத் தெரியும். இந்த ஒரு செலவைத் தயங்காமல் செய்யலாம். கணினி மெதுவாக இருந்தால் நாம் கணினியைத் திட்டுவோம். புதிதாகக் கற்பவரோ தான்தான் ஏதோ தப்பாகச் செய்துவிட்டோம் என்று நினைத்து இன்னும் நாலு தடவை கிளிக் செய்வார், நாலு பக்கங்கள் திறந்துகொள்ளும், கை பின்வாங்கிவிடும்.

ஆனால் இயந்திரத்தைப் பற்றி இதற்கு மேல் கவலைப்பட வேண்டாம். இயந்திரம் போனால் கல்வி தானாகப் பின்னால் வரும் என்று நம்பி நடந்த பெரிய முயற்சிகள் இருக்கின்றன. பெரு நாட்டு அரசு 8 லட்சத்துக்கும் மேற்பட்ட மடிக்கணினிகளைப் பள்ளிக் குழந்தைகளுக்காக வாங்கியது. அங்குள்ள 319 பள்ளிகளை எடுத்துக்கொண்டு அமெரிக்க நாடுகளிடை வளர்ச்சி வங்கி 2012-இல் வெளியிட்ட ஆய்வில், கணிதத்திலோ மொழிப்பாடத்திலோ மதிப்பெண் உயர்ந்ததற்குச் சான்று கிடைக்கவில்லை. பொதுவான சிந்தனைத் திறனில் மட்டும் கொஞ்சம் முன்னேற்றம் தெரிந்தது.

1999-இல் சுகதா மித்ரா என்ற கல்வி ஆய்வாளர் புதுதில்லி கல்காஜியில் ஒரு குடிசைப் பகுதியை ஒட்டிய சுவரில் கணினியைப் பதித்துவைத்ததைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஆசிரியர் யாரும் இல்லாமலே குழந்தைகள் கூட்டம் கூட்டமாக வந்து, ஒருவருக்கொருவர் காட்டிக்கொடுத்து, மவுஸையும் திரையையும் பழகிவிட்டார்கள். அது உண்மையான, மதிக்க வேண்டிய கண்டுபிடிப்பு. குழந்தைகளுக்குக் கிளிக் செய்யக் கற்றுக்கொடுக்க ஆள் தேவையில்லை. ஆனால் அங்கே போய்ப் பார்த்து எழுதிய ஆய்வாளர் மார்க் வார்ஷவர், பெரும்பாலான நேரம் படம் வரைவதிலும் விளையாட்டிலுமே போனது என்கிறார். இன்னொன்றும் உண்டு: வெளியில் கூட்டத்துக்கு நடுவே நின்று, முண்டியடித்து மவுஸைப் பிடிக்கும் துணிச்சல் பத்து வயதுப் பையனுக்கு இருக்கும். அவன் அம்மாவுக்கு இருக்காது. உங்கள் வகுப்பு அந்த அம்மாவுக்கானது.

சரி, பாடத்திட்டம். தயாராகக் கிடைக்கும் எதையும் அப்படியே எடுக்க வேண்டாம் என்பேன். வகுப்பு தொடங்கும் முன் இரண்டு வாரம் ஒதுக்கி, வரப்போகிறவர்களிடம் பேசுங்கள். ‘என்ன கத்துக்கணும்?’ என்று கேட்காதீர்கள். ‘கம்ப்யூட்டர்’ என்பார்கள், அதோடு முடிந்தது. ‘கடைசியா எந்த வேலைக்கு இன்னொருத்தர்கிட்ட போனை நீட்டினீங்க?’ என்று கேளுங்கள். பிள்ளையின் பள்ளி விண்ணப்பம், ஓய்வூதியம் வந்ததா என்று பார்ப்பது, மருத்துவமனையில் முன்பதிவு, வேலைக்கு விண்ணப்பம், வெளியூரில் இருக்கும் மகனோடு முகம் பார்த்துப் பேசுவது என்று கதை கதையாக வரும். அந்தப் பட்டியல்தான் உங்கள் பாடத்திட்டம்.

எழுத்தறிவு விஷயத்தில் இதைத்தான் பிரேசில் நாட்டுக் கல்வியாளர் பவுலோ பிரெய்ரே செய்தார். 1963-இல் பிரேசிலின் அங்கிகோஸ் என்ற ஊரில் சுமார் 300 பேருக்கு ஏறத்தாழ 40 மணி நேரத்தில் வாசிக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். அந்த மக்களோடு முதலில் பேசி, அவர்கள் வாயில் புழங்கும் சொற்களைச் சேகரித்து, அந்தச் சொற்களிலிருந்தே எழுத்துகளைப் பிரித்துக் காட்டும் முறை அது. கட்டட வேலை செய்பவருக்குச் செங்கல் என்ற சொல்லிலிருந்து ஆரம்பம்.

கணினியிலும் இது பொருந்தும் என்பதற்குப் பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-இல் புதுச்சேரிப் பகுதிக் கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியபோது, மக்களுக்கு என்ன தகவல் வேண்டும் என்று முதலில் கேட்டறிந்தது. வீராம்பட்டினம் மீனவர்களுக்கு வேண்டியிருந்தது கடலின் அலை உயரம். அமெரிக்கக் கடற்படையின் தளத்தில் வரும் அலைக் கணிப்பை எடுத்து, தமிழில், ஒலிபெருக்கியில் தினமும் சொன்னார்கள். கடலுக்குப் போகலாமா வேண்டாமா என்ற முடிவோடு சம்பந்தப்பட்டதால், அந்த மையம் ஊருக்கு வேண்டியதாக ஆனது.

ஒரு வேலையை எடுத்துக்கொண்டால் அதற்குள்ளேயே பாடம் எல்லாம் வந்துவிடும். ஒரு விண்ணப்பம் அனுப்ப வேண்டும் என்று வையுங்கள். பிரவுசரைத் திறக்க வேண்டும், முகவரி அடிக்க வேண்டும், பெயரையும் எண்ணையும் கட்டங்களில் நிரப்ப வேண்டும், ஒரு ஃபைலைத் தேடி இணைக்க வேண்டும், ரசீதைச் சேமிக்க வேண்டும். இத்தனை பாடம் அதில் இருக்கிறது. ஒவ்வொன்றும் ஏன் வேண்டும் என்று யாரும் விளக்கத் தேவையில்லை.

இப்போது கை. மவுஸ் நமக்கு எளிது, அவர்களுக்கு அது மேசையில் நகர்ந்தால் திரையில் எதுவோ நகரும் விநோதம். மவுஸ் மேசை விளிம்புக்குப் போய்விட்டால் தூக்கி மறுபடி நடுவில் வைக்கலாம் என்பது யாருக்கும் தானாகத் தோன்றுவதில்லை, சொல்லிக்கொடுங்கள். 1990-இல் விண்டோஸ் 3.0-உடன் வந்த சீட்டு விளையாட்டான சாலிட்டேரில்தான் ஒரு தலைமுறையே பிடித்து இழுத்து விடப் பழகியது. இன்றைக்கும் அதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது. வாசிக்கவே தெரியாதவர்களும் விளையாடலாம். டக்ஸ் பெயின்ட் என்ற இலவச ஓவிய மென்பொருளும் நல்லது. குழந்தைகளுக்காக எழுதப்பட்டது, ஆனாலும் பெரியவர்கள் மனம் ஒன்றி வரைவதைப் பார்த்திருக்கிறேன். சேமிக்கும்போது பெயர் கேட்டுத் தொந்தரவு செய்யாது.

டபுள் கிளிக்கில் எவரையும் வதைக்காதீர்கள். உழைத்துக் காய்த்த கைகளுக்கு அந்த வேகமும், இரண்டு கிளிக்குக்கு நடுவே அசையாமல் இருப்பதும் கடினம். அமைப்புகளில் அதன் வேகத்தைக் குறைத்துவையுங்கள், அல்லது ஒரு கிளிக் செய்துவிட்டு என்டர் தட்டச் சொல்லுங்கள். அதே வேலை நடக்கும். அம்பைப் பெரிதாக்குங்கள், திரை எழுத்தை 125 அல்லது 150 சதவீதத்துக்கு ஏற்றுங்கள். நாற்பதைத் தாண்டிய பலருக்கு வெள்ளெழுத்து வந்திருக்கும். கண்ணாடி வாங்கியிருக்க மாட்டார்கள், சொல்லவும் கூச்சப்படுவார்கள். ‘இவருக்குப் புரியவே இல்லை’ என்று நாங்கள் நினைத்த ஒருவருக்கு எழுத்து தெரியவே இல்லை என்பதை மூன்றாவது வாரம்தான் கண்டுபிடித்தோம். அந்த மூன்று வாரம் எங்கள் தவறு.

பார்வை குறைந்தவர்கள், இல்லாதவர்கள் வந்தால் திருப்பி அனுப்பாதீர்கள். விண்டோஸ் கணினியில், திரையில் இருப்பதை வாசித்துக் காட்டும் என்விடிஏ என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. 2006-இல் ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற ஒருவர் தொடங்கி, பார்வையற்ற இன்னொருவரோடு சேர்ந்து வளர்த்தது அது. தமிழையும் வாசிக்கும். அவர்களுக்கு மவுஸ் வேண்டாம், கீபோர்டு மட்டும் போதும்.

கீபோர்டில் உட்கார்ந்ததும் வரும் முதல் கேள்வி, ‘ஏன் ஏ பி சி டி வரிசையா இல்ல?’ என்பது. நியாயமான கேள்வி. 1870-களின் தட்டச்சு இயந்திரத்தோடு வந்த வரிசை, எல்லோரும் பழகிவிட்டதால் மாற்ற முடியாமல் நிற்கிறது என்று நேராகச் சொல்லுங்கள். தன் குறையால் புரியாமல் போகவில்லை என்று தெரிவதில் ஒரு நிம்மதி இருக்கிறது. சேமிக்கும் பொத்தானில் இருக்கும் ஃபிளாப்பிப் படமும் அப்படித்தான். அந்தப் பொருளையே பார்த்திராதவருக்கு அது வெறும் சதுரம்.

ஆங்கிலம் தெரியாதவர் தமிழில் அடிக்க ஆங்கில எழுத்து வழியாகப் போக வேண்டும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். ‘அம்மா’ என்று அடிக்க முதலில் ஏ எங்கே, எம் எங்கே என்று தேட வேண்டும் என்றால் அவர் ஒரே நேரத்தில் இரண்டு மொழிகளைக் கற்கிறார். 1999-இல் வந்த தமிழ்99 விசைப்பலகையில் உயிரெழுத்துகள் இடது பக்கம், மெய்கள் வலது பக்கம். பள்ளியில் படித்த அரிச்சுவடியின் தர்க்கமே அதில் இருக்கிறது: க-வை அடித்து இ-யை அடித்தால் கி. க-வை இரண்டு தடவை அடித்தால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழுந்து ‘க்க’ ஆகிவிடும். 30 சொச்சம் விசைகளில் 247 எழுத்தும் வந்துவிடுகிறது. விசைகளின் மேல் தமிழ் எழுத்து அச்சிட்ட ஒட்டிகளை ஒட்டிவிட்டால் போதும். தமிழில் தட்டச்சு செய்து தன் பெயரைத் திரையில் பார்க்கும் முதல் தருணத்துக்கு அவசரப்படாமல் நேரம் கொடுங்கள். எழுத்தின் அளவைப் பெரிதாக்கி, நிறம் மாற்றி, அச்செடுத்துக் கையில் கொடுத்து அனுப்புங்கள். வாசிக்கவே சிரமப்படுபவர்களுக்குக் குரல்வழித் தட்டச்சையும் காட்டுங்கள். அதைக் குறுக்குவழி என்று குறைத்துச் சொல்லாதீர்கள்.

பெரும்பாலோரிடம் போன் பழக்கம் ஏற்கெனவே இருக்கும். அது பெரிய சொத்து, ஆனால் ஒரு விஷயத்தில் அது குழப்பும். போனில் எடுத்த படம் ‘கேலரியில்’ இருக்கும், வந்த படம் ‘வாட்ஸ்அப்பில்’ இருக்கும். ஃபைல் என்ற ஒன்று ஓர் இடத்தில் இருக்கிறது என்ற எண்ணத்தையே போன் மறைத்துவிடுகிறது. அதனால் ஃபைல், ஃபோல்டர் என்பதுதான் எல்லோருக்கும் கடினமான பாடம். நான் உண்மையான காகித உறைகளை வைத்துத் தொடங்குவேன்: ஆளுக்கு ஓர் உறை, மேலே பெயர், உள்ளே ஒரு தாள். அப்புறம் திரையில் அதே பெயரில் ஒரு ஃபோல்டர், உள்ளே அன்று எழுதிய இரண்டு வரிகள். கணினியை அணைத்துவிட்டு வீட்டுக்கு அனுப்பிவிடுவேன். ‘அணைச்சா போயிடாதா?’ என்பார்கள். அடுத்த வகுப்பில் முதல் வேலை, அவரவர் ஃபோல்டரை அவரவரே தேடித் திறப்பது. இது ஒரு முறை நடந்தால் போதாது. நாலு வாரம் தொடர்ந்து, ஒவ்வொரு வகுப்பின் தொடக்கத்திலும் நடக்க வேண்டும்.

இனி நான் மிக முக்கியமாக நினைப்பது. எந்தச் சேவைக்குப் போனாலும் ஒரு போன் எண், ஒரு மின்னஞ்சல், ஒரு பாஸ்வேர்டு கேட்கும். வகுப்பில் இந்த இடம் வந்ததும் ஒவ்வொருவருடைய உண்மையான நிலைமையும் வெளியே வரும். ‘போன் என் வீட்டுக்காரர்கிட்ட இருக்கு.’ ‘ஓடிபி என் மகன் நம்பருக்குத்தான் போகும், அவன் வேலைக்குப் போயிட்டான்.’ ‘பாஸ்வேர்டு கடைக்காரத் தம்பிக்குத்தான் தெரியும், அவர்தான் போட்டுக்கொடுத்தார்.’ அவர் பெயரில் கணக்கு இருக்கிறது, அதன் சாவி வேறு யாரிடமோ இருக்கிறது. பெரும்பாலும் அந்த வேறு யாரோ நல்லவர்தான். ஆனால் அவர் ஊரில் இல்லாத நாளில், அவரோடு மனத்தாங்கல் வந்த நாளில், அல்லது அவர் நல்லவராக இல்லாமல் போன நாளில், தன் பணத்தையும் தன் விண்ணப்பத்தையும் தொட வழியில்லாமல் இவர் நிற்க வேண்டியிருக்கிறது. பெண்கள் விஷயத்தில் இது இன்னும் கனமானது.

இதற்கு இரண்டு மூன்று வகுப்புகளை முழுதாக ஒதுக்குங்கள். ஒவ்வொருவருக்கும் சொந்தமாக ஒரு மின்னஞ்சல். பாஸ்வேர்டை அவரே தேர்ந்தெடுத்து, அவரே அடிக்க வேண்டும். நீங்கள் அந்த நேரத்தில் முகத்தை நிஜமாகவே திருப்பிக்கொள்ள வேண்டும். ‘நான் பார்க்கக் கூடாது’ என்று வாய்விட்டுச் சொல்லித் திரும்புங்கள். வேறெந்த அறிவுரையையும்விட அந்த ஓர் அசைவு நிறையச் சொல்லிக்கொடுக்கிறது. சின்ன எழுத்து, பெரிய எழுத்து, குறி, எண் என்று சிடுக்கான பாஸ்வேர்டைக் கட்டாயப்படுத்த வேண்டாம். அமெரிக்காவின் தரநிர்ணய அமைப்பான நிஸ்ட் 2017-லேயே, இந்தக் கலவைகளைக் கட்டாயப்படுத்துவதைவிட நீளமே முக்கியம், காரணமில்லாமல் அடிக்கடி மாற்றச் சொல்ல வேண்டாம் என்று வழிகாட்டுதலை மாற்றிக்கொண்டது. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நாலு சொற்களைச் சேர்த்து எழுதினால் நினைவிலும் நிற்கும், யூகிக்கவும் கடினம். சேவை அதையும் மீறிக் குறி கேட்டால் கடைசியில் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம்.

எழுதிவைக்கலாமா என்று கேட்பார்கள். எழுதிவைக்கலாம், ஒரு நோட்டில், வீட்டில் நகையோ பத்திரமோ வைக்கும் இடத்தில். எங்கோ உட்கார்ந்திருக்கும் திருடனால் அந்த நோட்டைத் திறக்க முடியாது. ஆனால் அந்த வீட்டுக்குள் யாரிடமிருந்து மறைக்க வேண்டியிருக்கிறது என்பது அவருக்குத்தான் தெரியும். அந்த முடிவை அவரிடமே விடுங்கள், காரணம் கேட்காதீர்கள்.

ஏமாற்று அழைப்புகளைப் பற்றி நீண்ட எச்சரிக்கைப் பட்டியல் வாசிக்காதீர்கள். நடித்துப் பழகுங்கள். ஒருவர் வங்கி அதிகாரி போல அழைக்கட்டும்: அவசரப்படுத்தட்டும், பயமுறுத்தட்டும், ‘ஓடிபி மட்டும் சொல்லுங்க’ என்று கெஞ்சட்டும். மற்றவர் ‘நானே வங்கிக்கு வந்து பேசிக்கிறேன்’ என்று சொல்லி அழைப்பைத் துண்டிக்க வேண்டும். மரியாதை பார்த்தே வளர்ந்தவர்களுக்கு, பேசிக்கொண்டிருப்பவரின் அழைப்பைப் பாதியில் துண்டிப்பது உண்மையிலேயே கடினம். அதற்கு வாயும் விரலும் பழக வேண்டும், ஐந்தாறு தடவை. ஏற்கெனவே ஏமாந்தவர் ஒருவராவது வகுப்பில் இருப்பார். அவர் பேச விரும்பினால் பேசவிடுங்கள், ‘எப்படிம்மா நம்புனீங்க?’ என்று மட்டும் யாரும் கேட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நேரத்தைப் பற்றி: வாரத்துக்கு இரண்டு வகுப்புகள், ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம். ஒரே நாளில் ஆறு மணி நேரம் உட்காரவைத்தால் அடுத்த வாரம் ஒன்றும் மிஞ்சாது. முதல் இருபது நிமிடம் போன வகுப்பில் செய்ததையே மறுபடி செய்யட்டும். நேரத்தை அவர்களே குறிக்கட்டும். கூலி போகும் நேரத்தில், சமையல் நேரத்தில் வகுப்பு வைத்துவிட்டு ‘ஆர்வம் இல்லை’ என்று முடிவுகட்டக் கூடாது. கைக்குழந்தையோடு வருபவருக்காக அறையின் மூலையில் ஒரு பாயும், குழந்தையைப் பார்த்துக்கொள்ள உங்கள் நாலு பேரில் ஒருவரும் இருந்தால் வருகை கூடும். இடமும் அப்படியே: யாராவது ஒருவர் வாசலில் தயங்கி நிற்க நேரும் இடம் என்றால் அது எவ்வளவு வசதியாக இருந்தாலும் வேண்டாம்.

முதல் குழுவில் ஆறு பேர் மட்டும், கணினிக்கு ஒருவர். பத்துப் பேரைத் தவிர்க்க முடியாமல் சேர்க்க நேர்ந்தால், இரண்டு பேர் ஒரு கணினியில் இருக்கும்போது பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை இடம் மாற்றுங்கள். கடிகாரத்தைப் பார்த்துக் கண்டிப்பாக மாற்ற வேண்டும். இல்லையென்றால் ஒருவர் ஓட்டுவார், இன்னொருவர் ஒன்றரை மணி நேரம் வேடிக்கை பார்ப்பார். தாயையும் மகளையும், கணவனையும் மனைவியையும் ஒரே கணினியில் உட்காரவைக்காதீர்கள். மவுஸ் யார் கைக்குப் போகும் என்று முன்கூட்டியே தெரியும்.

எத்தனை நாள் ஆகும் என்றால், மூன்று மாதம் வைத்துக்கொள்ளுங்கள். அது சுமார் 24 வகுப்புகள், 36 மணி நேரம். அதில் எல்லோரும் எல்லாம் கற்றுவிட மாட்டார்கள். ஒரு வகுப்பைத் தவறவிட்டவரை அன்று மாலையே கூப்பிட்டுப் பேசுங்கள்; கண்டிப்பதற்கில்லை, என்ன விட்டுப்போனது என்று சொல்லி, அடுத்த வகுப்புக்கு அரை மணி முன்னதாக வரச் சொல்வதற்கு. இரண்டு வகுப்புகள் தவறினால் வெட்கப்பட்டே பலர் நின்றுவிடுகிறார்கள்.

சான்றிதழ் தரலாம், அவர்கள் அதைச் சுவரில் மாட்டுவார்கள், அந்தச் சந்தோஷத்துக்கு மதிப்பு உண்டு. ஆனால் அதற்கு எழுத்துத் தேர்வு வேண்டாம். பயிற்சி முடிந்து மூன்று வாரம் கழித்து வரச் சொல்லுங்கள். அவர் இதுவரை உட்காராத ஒரு கணினியில், பக்கத்தில் யாரும் இல்லாமல், வகுப்பு தொடங்கும் முன் அவர் சொன்ன அந்த வேலையைச் செய்யட்டும். தன் பாஸ்வேர்டோடு உள்ளே போய், வேலையை முடித்து, மறக்காமல் வெளியேற வேண்டும். பொதுக் கணினியில் லாக் அவுட் செய்யாமல் எழுந்துவிட்டால் மறுபடி ஒரு வாரம் பழகச் சொல்லுங்கள்.

இரண்டாவது குழுவுக்கு, முதல் குழுவில் முடித்தவர்களில் இரண்டு பேரைச் சொல்லித்தரக் கூப்பிடுங்கள். வேகமாகக் கற்றவரைத் தேட வேண்டாம், தடுமாறிக் கற்றவரைத் தேடுங்கள். எந்த இடத்தில் கை நிற்கும் என்று அவருக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும், அது நமக்கு மறந்துபோய் வருடங்கள் ஆகின்றன. முடிந்தால் அவர்கள் நேரத்துக்குச் சம்பளம் கொடுங்கள்.

பயிற்சி முடிந்த பிறகும் ஆறு கணினிகளில் ஒன்றை வாரம் இரண்டு மாலை திறந்துவையுங்கள். ஒரு விண்ணப்பத்தோடு, ஒரு சந்தேகத்தோடு யாராவது வருவார்கள். நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுவிட்டு, நீங்கள் நின்றுகொண்டே பேசுங்கள்.